தங்கை வீட்டுப் பின்கதவு

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், லாட்ஜ் விரிப்புகள், ஓட்டல் மேஜைத் துணிகள் எல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். இஸ்திரி போடும் உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட இறங்கும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து, மூலையோடு மூலை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு எதிரில் நின்றவள் நான்தான். அதனால் அவள் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. கிட்டே வரும்போது ஒரு வாக்கியம் சொல்வாள். அடுத்த விரிப்பை எடுக்க விலகிப் போய்விடுவாள். மீதியைக் கேட்க நான் மறுபடியும் மூலை சேர்த்துக்கொண்டு கிட்டே போக வேண்டும். அந்த இரைச்சலில் தூரத்திலிருந்து கத்திச் சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

மற்ற எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மடிப்பக்கா மட்டும் வியாழக்கிழமை கேட்டு வாங்கியிருந்தாள். மேனேஜருக்கு அது ஒரு உறுத்தல்.

"வியாழக்கிழமை அப்படி என்னம்மா விசேஷம்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போகணும் சார்."

"ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீடு எழுந்து ஓடிப் போயிடுமா?"

பக்கத்து ஊரில் வியாழக்கிழமை சந்தை. அன்றைக்கு அவள் தங்கை கணவர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சந்தைத் திடலை விட்டு நகர மாட்டார். அந்த ஒரு நாள்தான் அக்காவும் தங்கையும் தனியாகப் பேச முடிந்த நாள். இதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

தங்கை கணவர் பாத்திர வியாபாரி. திங்கட்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சந்தைக்கும் வருவார், அதனால் அவரை எனக்கும் தெரியும். அலுமினியச் சட்டியை விரல் முட்டியால் தட்டி, "கேளுங்க, கேளுங்க, சத்தத்தைக் கேட்டாலே பசிக்குது பாருங்க" என்பார். கிழவிகளைப் பார்த்து, "இதை இப்ப வாங்குங்க, உங்க பேத்தி கல்யாணத்துக்குத்தான் நெளிசல் எடுக்க என்கிட்ட கொண்டு வரணும்" என்பார். சனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்துப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. மடிப்பக்காவும் அவரை முதலில் அந்தச் சந்தையில்தான் பார்த்தாள். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் இருந்தது அக்காவும், அவள் குட்டி என்று கூப்பிடும் தங்கையும் மட்டும்தான். அவர் வந்து பெண் கேட்டபோது சரி என்று சொன்னது அக்காதான். "நானும் அவன் பேச்சுக்குச் சிரிச்சவதானே" என்றாள் என்னிடம் ஒரு நாள். அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விட்டாள்.

கல்யாணமான புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. வெளியே வெயில், நீ எதற்குப் போகிறாய், நானே வாங்கி வருகிறேன் என்றார். பிறகு மழை. பிறகு எதிர்வீட்டுக்காரி நல்லவள் இல்லை. போன் வந்தால் அவர்தான் எடுப்பார், "அவ தூங்குறா" என்பார். அக்கம்பக்கத்தில், "அவளுக்கு நரம்புத் தளர்ச்சி, ஆட்களைப் பார்த்தா ஆகாது, பாவம்" என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள் அவரைப் பார்த்துத்தான் பரிதாபப்பட்டார்கள். ஒரு தடவை அக்கா போனபோது அந்த வீட்டில் பெண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடிகூட இல்லை என்பதைக் கவனித்தாள். எல்லாவற்றையும் அவர் சரக்கு வேனில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். "வீட்டுக்குள்ளேயே இருக்கிறவளுக்குச் செருப்பு எதுக்குக்கா? தேஞ்சு போகுது" என்றார் சிரித்துக்கொண்டே.

"அடிப்பாரா?" என்று நான் கேட்டேன்.

"அடிச்சிருந்தா நாலு பேர்கிட்ட காட்டலாமே" என்றாள் மடிப்பக்கா.

பஸ்ஸில் போனால் அது நேராகச் சந்தைத் திடலில் கொண்டு போய் இறக்கும், அவர் கடைக்கு எதிரிலேயே. பார்த்துவிட்டால், "வாங்கக்கா, வாங்க" என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வீட்டுக்கு வருவார். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அக்கா கேட்கும் கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். அதனால்தான் அவள் ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்தாள்.

அந்தப் பாதை எங்கள் சலவைக்கூடத்தின் பின்னால் சாம்பல் கொட்டும் இடத்திலிருந்து கிளம்புகிறது. மாட்டுச் சந்தையின் மதிலை ஒட்டிப் போய், கம்பி வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படியில் ஏறி இறங்கினால் வயல். அதன்பின் ஒரு மேடு. மேட்டின் தோளில் வேலியோ மரமோ இல்லாத பெரிய உழவு நிலம். அதைக் கடந்து இறங்கினால் ஓடை, குறுக்கே மிதித்துப் போகக் கற்கள். ஓடைக்கு அப்புறம் ஒரு பண்ணை வீடு, அங்கே ஒரு கறுப்பு நாய். பிறகு இருபுறமும் புதர்வேலி உயர்ந்து நிற்கும் சந்து மாதிரியான வழி. அது நேராகப் பக்கத்து ஊரின் பின்புறத்தில், தங்கை வீட்டுச் சமையலறைக் கதவுக்கு எதிரில் போய் முடிகிறது. முன்கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் அவர் சந்தைக்குப் போவார். பின்கதவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வெறும் வயல், அவள் காலில் செருப்பும் இல்லை, எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

விடுமுறை நாளில் சந்தோஷமாக நடந்து போகிறவர்களுக்கு அது அழகான வழிதான். நல்ல பருவத்தில் வெளியூர்க்காரர்கள் கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஊன்றுகோலும் கழுத்தில் காமிராவுமாக அதில் போவார்கள். மடிப்பக்காவுக்கு அது வேலை. மழையானாலும் பனியானாலும் வியாழன் காலையில் கிளம்பி, சேறு அப்பிய காலோடு தங்கையின் பின்கதவைத் தட்டுவாள். டீ போட்டுக் குடிப்பார்கள். அக்கா தங்கைக்குத் தலை வாரிவிடுவாள். தங்கை பாதையைப் பற்றித்தான் விசாரிப்பாள்.

"ஓடையில தண்ணி எவ்வளவுக்கா?"

"கல்லு மேல கொஞ்சம் ஓடுது. வழுக்கல."

"அந்த நாய் குரைச்சுதா?"

"குரைக்காம இருக்குமா? அதுக்கு என் மேல என்ன கோபமோ."

தான் ஒரு நாளும் நடக்காத பாதையைத் தங்கை மனப்பாடமாக வைத்திருந்தாள். எந்த மாதத்தில் எந்த வயலில் என்ன விளைந்திருக்கும் என்று அவளே சொல்வாள். கிளம்பும்போது அக்கா ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "வர்றியா குட்டி?" தங்கை ஒவ்வொரு வாரமும், "அடுத்த வாரம் பாக்கலாம்க்கா" என்பாள், பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடுகிற மாதிரி. அக்காவின் பையில் ஒரு ஜோடி ஷூ எப்போதும் இருந்தது. தங்கைக்காக வாங்கியது. வாரா வாரம் அதுவும் போய்த் திரும்பி வந்தது.

ஒரு வியாழக்கிழமை தங்கை, "வரேன்" என்றாள்.

நடந்தது இதுதான். அந்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பந்து இவர்கள் வீட்டு முற்றத்தில் விழுந்திருக்கிறது. குழந்தை சுவரில் தொற்றி ஏறி எட்டிப் பார்த்திருக்கிறது. ஜன்னலில் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, அங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மா துணி உலர்த்திக்கொண்டே, "அங்க யாரும் இல்லடா, இறங்கு" என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. இதைச் சொல்லும்போது தங்கை அழவில்லையாம். ஷூவை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டாளாம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, பரவாயில்லை என்றாளாம்.

இருவரும் கிளம்பினார்கள். புதர்வேலிச் சந்தில் தங்கை ஒரு கையால் வேலியின் இலைகளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். முள் கீறினாலும் கையை எடுக்கவில்லை. பண்ணை வீட்டருகே நாய் வந்து குரைத்தபோது நின்று பார்த்துவிட்டு, "இதுவா அந்த நாய்? இவ்வளவு சின்னதா இருக்கே" என்று சிரித்தாள். அக்காவுக்கு அந்தச் சிரிப்பு போதும் போலிருந்தது. ஓடையில் கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டினார்கள். அக்கரையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அக்காவின் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், கட்டில் எங்கே போடலாம், சலவைக்கூடத்தில் தனக்கு வேலை கிடைக்குமா என்றெல்லாம் தங்கை கேட்டாள். கிடைக்கும் என்றாள் அக்கா. மேனேஜரைப் பற்றி ஏதோ கேலியாகக்கூடச் சொன்னாளாம்.

அப்புறம் மேடு ஏறினார்கள். அங்கே வேலியும் இல்லை, மரமும் இல்லை.

அந்த உழவு நிலத்தின் ஓரத்தில் தங்கை நின்றுவிட்டாள். எதிரே உழுத மண்ணும் அதன்மேல் ஆகாயமும் மட்டும்தான். நடுவில் கோடு போட்ட மாதிரி பாதை.

"என்ன குட்டி? கால் வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

"பிடிச்சுக்க ஒண்ணும் இல்லக்கா."

"என்னைப் பிடிச்சுக்க. இந்தா, கையைப் பிடி."

தங்கை கையைப் பிடித்தாள். நாலு எட்டு வைத்தாள். உட்கார்ந்துவிட்டாள். "நீயும் நகர்றியேக்கா" என்றாள்.

அக்கா தன் சால்வையை எடுத்து அவள் தலைமேல் போர்த்தி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தோளை அணைத்துக் கூட்டிப் போகப் பார்த்தாள். முடியவில்லை. தங்கைக்கு மூச்சு இரைத்தது, உதடு வெளுத்துவிட்டது, மண்ணை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து நடைக்காரர்கள் இருவர் வந்தார்கள். வயதான தம்பதி, ஆரஞ்சு நிறத்தில் ஒரே மாதிரி தொப்பி. சந்தை ஊருக்கு இதுதானே வழி என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள் அக்கா. "என்ன அருமையான காத்து, நீங்க கொடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தும் கையாட்டிவிட்டுப் போனாள். தங்கை அந்தத் தொப்பிகள் மேட்டுச் சரிவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எத்தனை வருஷமா இதைத் தாண்டி வரேன். உனக்கு ஒரு வயலைத் தாண்ட முடியலையா?"

"முடியலக்கா" என்றாள் தங்கை. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று மடிப்பக்கா சொன்னாள். அந்தக் குரலை என்ன செய்ய முடியும்?

திரும்பும்போது தங்கை வேகமாக நடந்தாள். வரும்போது நடந்ததைவிட இரண்டு பங்கு வேகம். ஓடையில் அக்காதான் பின்தங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை சமையலறை மூலையில் முதுகைச் சாய்த்து நின்று மூச்சு விட்டாள். அக்கா அவள் காலைக் கழுவிவிட்டாள், தரையைத் துடைத்தாள், ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் அந்த நிலத்தின் நடுவில் நின்று அவள் அழுதிருக்கிறாள். அதைப் பல நாள் கழித்துத்தான் சொன்னாள்.

அன்று சாயந்திரம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தங்கையின் பாவாடை விளிம்பில் ஒட்டுப்புல் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். துணியின் மடிப்புக்குள் இருந்ததை அக்கா கவனிக்கவில்லை. குனிந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மடிப்பக்கா போனபோது பின்கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது. கொத்தனார் முந்தின நாள்தான் வேலையை முடித்திருக்க வேண்டும், கலவை இன்னும் ஈரம். விரலால் சுரண்டினால் வந்தது. ஆனால் சுரண்டி என்ன ஆகப் போகிறது? சமையலறைப் புகை போவதற்குக் கூரைக்குக் கீழே சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான் ஒட்டுப்புல் கதையைத் தங்கை சொன்னாள்.

"கோபப்பட்டாரா?"

"இல்லக்கா. குளிர் காத்து வருதுன்னு அடைச்சாராம். கொத்தனாருக்கு என்னையே டீ போடச் சொன்னார்."

அதற்குப் பிறகும் மடிப்பக்கா வியாழக்கிழமை தவறாமல் போனாள். சுவரோடு பேசிவிட்டு வந்தாள். ஆரம்பத்தில் தங்கையும் பேசினாள். மெல்லமெல்ல ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று குறைந்தது. "வராதக்கா, கால் வலிக்கும்" என்பாள். பிறகு அதுவும் நின்றது.

மழைக்காலத்தில் மடிப்பக்கா ஓடையில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். கட்டு பிரித்த வாரமே கிளம்பிவிட்டாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். அவ்வளவு நாள் கேட்டே பழகிய பாதையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்த உழவு நிலத்தை நான் பெரிதாக நினைத்து வைத்திருந்தேன். சாதாரண நிலம். ஒரு பாட்டை முனகி முடிப்பதற்குள் தாண்டிவிடலாம். இதற்கா என்று எனக்கு இருந்தது.

மடிப்பக்கா அந்தச் செங்கல் சுவருக்கு எதிரில் நின்று, கழுத்தை உயர்த்தி, பக்கத்தில் நிற்பவளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"குட்டி, நான்தான். ஓடையில தண்ணி ஜாஸ்தி. ஒரு கல்லு புரண்டு கிடக்கு. நாயைக் கட்டிப் போட்டிருக்காங்க இன்னிக்கு. மேட்டு நிலத்துல முளைப்பு வந்துடுச்சு."

உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். பதில் வரவில்லை. மடிப்பக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்று, என்னைப் பற்றியும் சொன்னாள். "எதிர்ல நின்னு மடிப்பாளே, அவ வந்திருக்கா." நானும், "எப்படி இருக்கீங்க?" என்றேன். ஒரு சுவரிடம் நலம் விசாரிப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில், "கரண்டியை வச்சுட்டா பாத்தியா?" என்றாள். "கேட்டுக்கிட்டுதான் இருந்தா."

போலீஸுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். போனோம். ஸ்டேஷனில் இருந்தவர் நல்ல மனிதர், எங்களைக் கூட்டிக்கொண்டே அந்த வீட்டுக்கு வந்தார். பாத்திரக்காரர் கதவைத் திறந்து, "வாங்கக்கா, என்ன நடந்து வராம இந்தத் தடவை ஜீப்புல?" என்றார். அத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவின் அதே முகம், வெயில் படாத முகம்.

"உங்களை யாராவது அடைச்சு வச்சிருக்காங்களாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இல்ல சார்."

"வெளியில போகணும்னா போவீங்களா?"

தங்கை திறந்திருந்த வாசலைப் பார்த்தாள். "எனக்கு வெளியில ஆகாது சார்" என்றாள். பொய் சொல்லவில்லை அவள். பாத்திரக்காரர் எங்களுக்கு டீ கொண்டு வந்து கொடுத்தார். ஜீப்பில் திரும்பும்போது போலீஸ்காரர், "இதுல நான் என்ன கேஸ் போடுறது, சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு மடிப்பக்காவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வாரா வாரம் போனது மாதம் ஒரு தடவையாயிற்று. பிறகு வெயில் காலத்தில் மட்டும். வியாழக்கிழமையும் வேலைக்கு வர ஆரம்பித்தாள். மேனேஜர், "என்ன, தங்கச்சி ஊரைக் காலி பண்ணிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் நகர்ந்து போனார்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் சந்தையில் பாத்திரக்கடை போடவில்லை. காய்கறி விற்பவர்கள் சொன்னார்கள்: வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. இப்படி ஒரு தங்கமான மனுஷனுக்கா இந்தக் கதி என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மடிப்பக்கா விரிப்பின் மூலைகளைச் சேர்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "போயிட்டான்" என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் கை வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மடிப்பக்கா தன் அறைக்கு இன்னொரு கட்டில் வாங்கினாள். நானும் அவளும் அதை மாடிப்படியில் இடித்து இடித்து ஏற்றினோம். ஜன்னல் ஓரமாகப் போட்டாள். பிறகு, வெளிச்சம் அதிகமாக இருக்கும் என்று சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டாள். ஜன்னலுக்குத் தடித்த துணி தைத்து மாட்டினாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். சலவைக்கூடத்து வேனைக் கேட்டு வாங்கினாள், மேனேஜரும் முகத்தைத் திருப்பாமல் கொடுத்தார். உள்ளே ஜன்னல்களை விரிப்புகளால் மறைத்தோம். "கண்ணை மூடிக்கிட்டு ஏறி உக்காந்தா போதும், இறங்கினா என் ரூம்தான்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தங்கை எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அக்காவைக் கட்டிக்கொண்டாள். வேனைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினாள், நாங்கள் கொண்டு வந்த கோட்டைப் போட்டுக்கொண்டாள், வாசல்வரை நடந்தாள். வேன் வாசலை ஒட்டித்தான் நின்றது. இரண்டு எட்டுகூட இருக்காது. நிலைக்கட்டையைப் பிடித்தவள் விடவில்லை. நான் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் விரல்களைப் பிரிக்கப் பார்த்தோம். ஒரு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அவள் கத்தவில்லை. வாந்தி எடுத்தாள். கால் மடங்கி வாசலிலேயே சரிந்தாள். டிரைவர் பையன் பயந்துபோய் வேனைத் தெருமுனைக்கு எடுத்துப் போய்விட்டான்.

"கதவைச் சாத்தேன்க்கா" என்றாள் தரையில் கிடந்தபடியே.

அக்கா சாத்தினாள்.

டாக்டர் வந்தார், மாத்திரை எழுதினார், பொறுமையாக இருங்கள், ஒவ்வொரு படியாகப் பழக்குங்கள் என்றார். ஒரு வாரம் இருந்து பழக்கிவிட்டு வருகிறேன் என்று மடிப்பக்கா சொன்னாள். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. மேனேஜர் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. அவள் அறையைக் காலி செய்தது நான்தான். அந்தக் கட்டிலை வீட்டுக்காரியே வைத்துக்கொண்டாள்.

நான் மாதம் ஒரு முறை பார்க்கப் போனேன். முதலில் அக்கா வாசல்வரை வந்து பேசுவாள். படியில் உட்காரவைத்துப் பழக்குவதாக, ஒரு நாள் தெருவைப் பார்த்ததாகச் சொல்வாள். பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. அவர் போன பிறகு தங்கையால் தனியாக இருக்க முடியவில்லை. அக்கா கடைக்குப் போய் வரும் நேரத்துக்குள் மூச்சிரைத்து மயங்கி விழுந்துவிட்டாள், இரண்டு தடவை. அதிலிருந்து கடைக்காரரே சாமான்களைக் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

"நாலு தெரு நடந்துட்டு வாங்களேன்க்கா, நான் இருக்கேன் அவகூட" என்றேன் ஒரு தடவை.

மடிப்பக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை பின்னிக்கொண்டிருந்த கம்பளி நின்றது. "வேணாம். முழங்கால் வேற" என்றாள் மடிப்பக்கா. தங்கை மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

அன்றைக்குத் தங்கை என்னிடம் நிறையப் பேசினாள். அவர் எப்படியெல்லாம் தமாஷாகப் பேசுவார், தனக்கு ஜுரம் வந்தால் எப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம் சொன்னாள். "என்னைப் புரிஞ்சுக்கிட்டது அவர் ஒருத்தர்தான்" என்றாள். மடிப்பக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல் டீயைக் குடித்து முடித்தேன்.

கடைசியாகப் போனது குளிர் ஆரம்பித்த சமயம். பழமும் மருந்தும் வாங்கிப் போயிருந்தேன். ஜன்னல் துணிகள் மூடியிருந்தன. கதவைத் தட்டினேன். "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டு பேரில் யார் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. பெயரைச் சொன்னேன். சங்கிலி போட்டபடியே கதவு கொஞ்சம் திறந்தது. மடிப்பக்காதான். முகம் வெளுத்திருந்தது. கையை மட்டும் நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

"அவ இப்பதான் தூங்கினா. பேச்சு சத்தம் கேட்டா எழுந்துடுவா" என்றாள். "அப்புறம் ஒரு நாள் வாயேன்."

"வரேன்க்கா" என்றேன்.

பஸ் வர நேரமாயிற்று. சந்தை நாள் இல்லாததால் திடலில் யாரும் இல்லை, டீக்கடைகூடத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் போகவில்லை.